யாருடைய மையித்துக்கு யார் செலவழிப்பது? பிரித்தானியாவின் பழைய கணக்குப் புத்தகம்



சென்ற பதிவில் ஊர்ப் பெயர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியை எதிர்பார்த்தவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைவிட அவசரமான விடயம் ஒன்று இருக்கிறது.

நமது ஊர் ஜனாஸா சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வரவிருக்கிறது. தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டாத குடும்பத்துக்கு ஜனாஸாச் செலவு கொடுப்பதில்லை. வாடகைக்கு வந்திருப்பவர்கள் என்றால் ஊரில் 3 வருடமாவது இருந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் பிரேரணை. கொண்டுவந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல, எல்லோரையும் எனக்குத் தெரியும். 2022 இல் விலைவாசி ஏறியதிலிருந்து கபன் துணி, பலகை, குழி வெட்டுகிற கூலி, வாகனத்துக்கு எரிபொருள் என்று எல்லாமே ஏறிவிட்டது. சந்தா மட்டும் பழைய சந்தாதான், அதையும் பாதிப் பேர் கட்டுவதில்லை. பொருளாளர் என்னதான் செய்வார்?

பிரேரணை பற்றிய என் கருத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் சரித்திரம் படிப்பிக்கிறவன் என்ற வகையில் ஒரு பழைய கதை. பிரித்தானியாவில் இதே கேள்வியை இருநூறு, முந்நூறு வருடங்களாக விவாதித்திருக்கிறார்கள். இறந்தவரை அடக்க வசதியில்லை என்றால் பொதுப் பணத்திலிருந்து யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது? ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொல்லி, அதைச் சட்டமாகவும் எழுதிவைத்தார்கள். நம் ஊர்ப் பிரேரணையின் இரண்டு பாதிகளையும் அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 3 வருடக் கதை.

1601 ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் இங்கிலாந்தின் ஒவ்வொரு தேவாலயப் பங்கும் தன் ஏழைகளைத் தானே பார்க்க வேண்டும் என்றது. ஏறக்குறைய நம் மஹல்லா முறைதான். ஊராரிடம் வரி எடுத்து, ஊர் ஏழைக்குக் கஞ்சியும் கடைசியில் குழியும் கொடுப்பது. நல்ல ஏற்பாடு. ஆனால் கொஞ்ச காலத்திலேயே "எங்கள் ஏழை யார், பக்கத்து ஊர் ஏழை யார்" என்ற பிரச்சினை வந்தது. 1662 இல் குடியுரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாட்டுக்குரிய குடியுரிமை அல்ல, ஊருக்குரிய குடியுரிமை. பிறப்பாலோ திருமணத்தாலோ வேறு சில வழிகளாலோ அந்த ஊருக்கு உரித்தானவராக இருந்தால்தான் உதவி. இல்லையென்றால் வண்டியில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடலாம்.

பிறகு ஒரு முழு வருடம் கூலிக்கு வேலை பார்த்தவருக்கும் அந்த ஊர் உரிமை உண்டு என்று வந்தது. உடனே என்ன நடந்தது தெரியுமா? 51 கிழமைக்கு மட்டும் ஆளை வேலைக்கு வைக்கத் தொடங்கினார்கள். 52 ஆவது கிழமை வந்தால்தானே உரிமை வரும்! நிறைமாதக் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன் அடுத்த ஊர் எல்லைக்குத் தள்ளிவிட்டார்கள். பிள்ளை பிறந்த ஊரே பிள்ளையின் ஊர், அதன் செலவும் அந்த ஊருக்குத்தான் என்பதால். ஓர் ஏழை யாருடையவர் என்று தீர்மானிக்க ஊரும் ஊரும் நீதிமன்றத்தில் வழக்காடிச் செலவழித்த பணத்துக்கு அந்த ஏழையை வைத்தே காப்பாற்றியிருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே பேசினார்கள். கால எல்லை போட்டு ஏழையைப் பிரிக்கிற எந்த விதியும் கடைசியில் அந்த எல்லைக்கு ஒரு நாள் முன்னால் கதவைச் சாத்துகிற தந்திரமாகத்தான் முடிகிறது. வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு வருடம் பதினொரு மாதத்தோடு வாடகை ஒப்பந்தத்தை முடிக்கமாட்டார்கள் என்று யாராவது உறுதி தருவார்களா?

இடையில் ஒரு சுவாரஸ்யமான செய்தி. 1666 இலிருந்து இங்கிலாந்தில் கபன் துணிக்கே சட்டம் இருந்தது. மையித்தை ஆட்டுக் கம்பளியில்தான் சுற்ற வேண்டும், பருத்தியோ லினனோ கூடாது. மீறினால் 5 பவுண் தண்டம். மார்க்கக் காரணம் ஏதும் இல்லை, உள்நாட்டுக் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றத்தான். பணக்காரர்கள் தண்டத்தைக் கட்டிவிட்டு விரும்பிய துணியில் அடங்கினார்கள். இந்தச் சட்டம் 1814 வரை புத்தகத்தில் இருந்தது.

இனி கதையின் கசப்பான பகுதி.

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. உடற்கூறு படிக்கப் பிரேதங்கள் தேவைப்பட்டன. 1752 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்களே அதற்குக் கிடைத்தன. அது படிப்புக்கான ஏற்பாடு மட்டுமல்ல, தண்டனையின் ஒரு பகுதியும்கூட. கொலைகாரனுக்குக் குழிகூடக் கிடையாது என்பதே அதன் பொருள். அந்த உடல்கள் போதாமல் போனதால் புதைகுழிகளைத் தோண்டித் திருடி விற்கும் கூட்டம் உருவானது. 1828 இல் எடின்பரோவில் பேர்க், ஹெயார் என்ற இருவர் தோண்டுகிற சிரமமும் வேண்டாம் என்று 16 பேரைக் கொன்றே விற்றுவிட்டார்கள். நாடே அதிர்ந்தது.

அதற்குத் தீர்வாகப் பாராளுமன்றம் 1832 இல் உடற்கூற்றியல் சட்டத்தைக் கொண்டுவந்தது. இனி கொலைகாரர்களின் உடல் வேண்டாம். ஏழைகள் இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இறந்து, "உரிமை கோரப்படாத" உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் உரிமை கோருவது என்றால் என்ன? வந்து அழுதால் போதாது. பொறுப்பேற்று, உடலை எடுத்துப்போய், சொந்தச் செலவில் அடக்க வேண்டும். மனைவி இருந்தும் பிள்ளை இருந்தும் கையில் காசில்லை என்றால் அந்த உடல் கோரப்படாத உடலாகிவிடலாம். ரூத் ரிச்சர்ட்சன் என்ற வரலாற்றாசிரியை 1987 இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். அதுவரை கொலைக்குத் தண்டனையாக இருந்தது அதன்பின் வறுமைக்குத் தண்டனையாகிவிட்டது என்பது அவருடைய வாதம்.

"உரிமை கோரப்படாத" என்ற அந்தச் சொல்லை ஞாபகத்தில் வையுங்கள். அது பிறகு நம் நாட்டிலும் வரும்.

இரண்டு வருடம் கழித்து, 1834 இல், புதிய ஏழைகள் சட்டம் வந்தது. உதவி வேண்டுமா, ஏழைகள் இல்லத்துக்குள் வந்து கிட என்றது அது. உள்ளே இறந்தால் மலிவுப் பலகைப் பெட்டி, பெயர்ப் பலகை இல்லாத பொதுக் குழி, ஒரே குழியில் பல பேர். அந்தப் பயத்தில்தான் இங்கிலாந்தின் ஏழைப் பெண்கள் சாப்பாட்டுக்கு முன் ஒரு பென்னியை ஒதுக்கிவைக்கப் பழகினார்கள். கிழமைக்கு ஒரு பென்னி மரணக் காப்புறுதி. நம் உம்மம்மாமார் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த கபன் துணியை அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருப்பார்களே, அதே மனம்தான். யாருக்கும் பாரமாகப் போய்விடக் கூடாது என்ற எண்ணம்.

அந்தப் பென்னிகளை வீடு வீடாகப் போய்ச் சேர்க்கும் பெரிய கம்பனிகள் வளர்ந்தன. புரூடென்ஷியல் அப்படி வளர்ந்ததுதான். சிறு மரண உதவிச் சங்கங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன. சிலது காசோடு மூழ்கின. குழந்தைகள் பெயரிலும் காப்புறுதி எடுத்தார்கள், ஏனென்றால் அந்த நாட்களில் அதிகம் இறந்ததே குழந்தைகள்தான். உடனே மேல்தட்டுப் பத்திரிகைகள் ஏழைத் தாய்மார் காப்புறுதிப் பணத்துக்காகப் பிள்ளைகளைச் சாகவிடுகிறார்கள் என்று பிரசாரம் செய்தன. 1875 இல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 6 பவுண், 10 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 10 பவுண் என்று சட்டமே உச்சவரம்பு போட்டது. ஏழை தன் பிள்ளைக்குச் செலவழிக்கக் காசு சேர்த்தாலும் சந்தேகம், சேர்க்காவிட்டாலும் ஏளனம்.

1911 இல் லொயிட் ஜோர்ஜ் தேசிய காப்புறுதித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அரசே மரணச் செலவையும் பொறுப்பேற்றிருக்கலாம். அந்தக் கம்பனிகள் விடவில்லை. அவர்களுடைய முகவர்கள் ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு வாக்காளரின் வாசலிலும் நின்றார்கள். மரணச் செலவுக் கொடுப்பனவு திட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. காப்புறுதி நிறுவனம் அரசியலுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை.

அடுத்த முப்பது வருடம் பென்னிகள்தான். 1942 இல் உலக யுத்தத்தின் நடுவில் பெவரிஜ் தன் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். தொட்டில் முதல் கல்லறை வரை என்று மக்கள் அதைப் பற்றிப் பேசியது சும்மா அலங்காரத்துக்காக அல்ல, கல்லறைச் செலவும் அதற்குள் இருந்தது. 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரணக் கொடுப்பனவு 1949 ஜூலையில் தொடங்கியது. வளர்ந்தவருக்கு 20 பவுண், 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 6 பவுண்.

இனித்தான் நம் பிரேரணையின் முதற்பாதி, அதாவது சந்தாப் பிரச்சினை.

இந்தக் கொடுப்பனவுக்குத் தகுதி என்ன? காப்புறுதிப் பங்களிப்பு. சம்பளத்திலிருந்து கிழமைக்குக் கிழமை வெட்டிக்கொள்ளும் சந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பெரிய நன்மை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. வாங்குகிறவர் தலைகுனியத் தேவையில்லை. ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. நான் கட்டினேன், எனக்கு உரியது என்று கேட்கலாம். ஏழைகள் இல்லத்தின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த 20 பவுணைவிடப் பெரியது அந்த மானம். சந்தா என்பது வெறும் காசு சேர்க்கும் வழி அல்ல என்பதைப் பிரேரணைக்கு எதிராகப் பேசுகிற நண்பர்களும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே விதியின் மறுபக்கத்தைப் பாருங்கள். திட்டம் 1948 இல் தொடங்கும்போதே ஓய்வூதிய வயதைத் தாண்டியிருந்தவர்கள், அதாவது 1883 ஜூலை 5 க்கு முன் பிறந்த ஆண்களும் 1888 ஜூலை 5 க்கு முன் பிறந்த பெண்களும், சந்தா கட்டியிருக்க முடியாது. ஆகவே அவர்களுக்கு மரணக் கொடுப்பனவு இல்லை. ஓய்வூதிய வயதுக்கு இன்னும் 10 வருடத்துக்குள் இருந்தவர்களுக்குப் பாதி. கணக்கு சரிதான், கட்டாதவருக்கு எப்படிக் கொடுப்பது? ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். 1949 இல் யார் முதலில் இறக்கப் போகிறார்கள்? இந்த முதியவர்கள்தானே. பொதுக் குழியைக் கண்ணால் கண்டு, வாழ்நாள் முழுக்க அதைப் பயந்தவர்களும் அவர்கள்தான். யாருடைய பயத்தைப் போக்க இந்தக் கொடுப்பனவு வந்ததோ அவர்களுக்கே அது கிடைக்கவில்லை. கணக்குப் புத்தகம் நேராக இருந்தது, நியாயம்தான் கோணியது.

அந்த 20 பவுண் 1958 இல் 25 ஆகி, 1967 இல் 30 ஆனது. பிறகு இருபது வருடம் ஒரு சதமும் ஏறவில்லை. பணவீக்கம் தின்று தின்று, கடைசியில் மலர்வளையத்துக்குக் காணுமா என்ற நிலைக்கு வந்தது. 1987 ஏப்ரலில் தாட்சர் அரசாங்கம் அதை ஒழித்தது.

அதன் இடத்தில் வந்ததுதான் இன்றுவரை ஏதோ ஒரு வடிவில் இருக்கிற மரணச் செலவு உதவி. இப்போது கேள்வி சந்தா கட்டினாயா என்பதல்ல, நீ ஏழையா என்பது. வருமானம் குறைந்தவர்களுக்குரிய அரச கொடுப்பனவுகளில் ஒன்றை விண்ணப்பதாரர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். இறந்தவர் ஏழையாக இருந்தால் போதாது, அடக்குகிறவரும் ஏழையாக இருக்க வேண்டும். அதோடு, செலவைப் பொறுப்பேற்க அவர்தான் பொருத்தமானவரா என்றும் பார்ப்பார்கள். வசதியான இன்னொரு பிள்ளையோ சகோதரனோ இருந்தால் "அவரைக் கேள்" என்று மறுத்துவிடலாம்.

இதில் ஒரு வழக்கு. வட அயர்லாந்தில் ஒருவருக்குப் பொலிசார் மூலம் செய்தி வருகிறது, உன் சகோதரன் மௌத்தாகிவிட்டான் என்று. இருபது வருடமாகத் தொடர்பே இல்லை. இருந்தும் மனிதர் பொறுப்பேற்று அடக்கம் செய்தார். உதவி கேட்டபோது, மற்றச் சகோதரங்களின் வருமான நிலை என்ன என்று திணைக்களம் கேட்டது. அவர்களோடும் இவருக்குத் தொடர்பில்லை, எப்படிச் சொல்வார்? மறுத்துவிட்டார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2004 இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார், மிச்சத்தைத் தேடிப் பார்க்கும் வசதி திணைக்களத்திடம்தான் இருக்கிறது, தெரியாததற்காக அவரைத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு சகோதரனை அடக்கிய செலவுக்காக நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் வரை!

இன்னொரு சிக்கல், நம்மவர்களுக்கு முக்கியமானது. உதவி கிடைக்குமா கிடைக்காதா என்பது தெரியமுன்னரே அடக்கச் செலவுக்கு ஒருவர் பொறுப்பேற்கிறார். முடிவு பிறகுதான் வரும். ஒரே நாளில் அடக்க விரும்பும் முஸ்லிம் குடும்பத்துக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. குழிக்கான கட்டணமும் தகனக் கட்டணமும் இதில் அடங்கும். ஆனால் பெட்டி, வாகனம், அடக்கம் செய்விப்பவரின் கூலி போன்ற மற்றச் செலவுகளுக்கு 2003 முதல் 700 பவுண் என்ற உச்சவரம்பு 17 வருடம் அசையாமல் இருந்தது. 2020 ஏப்ரலில்தான் 1,000 ஆனது. அங்கே ஒரு சாதாரண அடக்கத்துக்கு இப்போது 4,000 பவுணுக்கு மேல் போகிறது.

இவற்றுக்கெல்லாம் வெளியே இன்னொரு சட்டம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. 1948 இல் ஏழைகள் சட்டத்தை ஒழித்த அதே தேசிய உதவிச் சட்டத்தில், பொறுப்பேற்க யாருமில்லாத உடலை உள்ளூராட்சி சபை தன் செலவில் அடக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அதற்குள் ஒரு வரி: இறந்தவரின் விருப்பத்துக்கு மாறானது என்று நம்பக் காரணம் இருந்தால் உடலை எரிக்கக் கூடாது. 1984 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் 46 ஆம் பிரிவாக அது இன்றும் இருக்கிறது. 1832 இல் யாருமற்ற ஏழையின் உடல் கத்திக்குப் போனது. 1948 இல், யாருமற்றவனாக இருந்தாலும் அவனுக்கும் ஒரு விருப்பம் இருந்திருக்கும், அதை மதி என்று சட்டம் சொன்னது. இந்த 116 வருடப் பயணம்தான் முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

(இந்த ஏழைகள் சட்டத்துக்கு நம் நாட்டிலும் ஒரு பிள்ளை பிறந்தது. இலங்கையின் ஏழைகள் சட்டம் 1939 இல் நிறைவேறியது. தாய் வீட்டில் மூட்டைகட்ட இன்னும் 9 வருடமே இருந்தபோது!)

2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது பிரித்தானிய அரசாங்கம் அவசரச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிரேதங்கள் குவிந்தால் சமாளிக்க, அந்த எரிக்கக் கூடாது என்ற வரியை ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் அதில் இருந்தது. பிரட்போர்ட் மேற்குத் தொகுதி உறுப்பினர் நாஸ் ஷா அதைக் கண்டுபிடித்து எதிர்த்தார். முஸ்லிம்களும் யூதர்களும் அவரோடு நின்றார்கள். சில நாட்களில் அரசாங்கம் இறங்கிவந்து, இறந்தவரின் விருப்பத்தையும் மத நம்பிக்கையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று திருத்தியது. மார்ச் 25 அன்று அது சட்டமானது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே நாட்களில் சொல்லிவிட்டது.

17 நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, நம் நாட்டில் வர்த்தமானி வந்தது. கொவிட் மையித்துகள் கட்டாயமாக எரிக்கப்பட வேண்டும். 1897 இல் பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்ட தொற்றுநோய்த் தடைச் சட்டத்தின் கீழ்!

அதன்பின் நடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே நான் பார்ப்பது ஒரே ஒரு விடயம். எரிக்கிற பெட்டிக்கான பணத்தைக் குடும்பங்களிடமே கேட்டார்கள். நம் குடும்பங்கள் கொடுக்க மறுத்தன. உடலைப் பொறுப்பேற்கவும் மறுத்தன, பொறுப்பேற்றால் எரிப்பதற்குச் சம்மதித்ததாகிவிடும் என்பதால். 2020 டிசம்பரில் 19 உடல்கள் இப்படி நின்றபோது, உரிமை கோரப்படாத உடல்களை எரித்துவிடலாம் என்று சட்டமா அதிபர் தரப்பிலிருந்து ஆலோசனை வந்தது. உரிமை கோரப்படாத! 1832 இல் கோர ஆசை இருந்தும் காசில்லாமல் நின்றார்கள். 2020 இல் கோர ஆசை இருந்தும் ஈமான் இடம்கொடுக்காமல் நின்றார்கள். இரண்டு இடத்திலும் பதிவேட்டில் விழுந்தது ஒரே சொல். பிறந்து 20 நாளேயான குழந்தையும் அந்த டிசம்பரில்தான் எரிக்கப்பட்டது. பொரளை மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா இனத்தவரும் கட்டினார்கள். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

2021 பெப்ரவரி 25 அன்று வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 3,600 க்கும் அதிகமானோர் அங்கே இருக்கிறார்கள், எல்லா மதத்தவரும். எந்த மாவட்டத்தவர், எந்த ஊர்ப் பள்ளிக்குச் சந்தா கட்டியவர் என்று அந்த ஊர் மக்கள் யாரிடமும் கேட்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

இனி நம் பிரேரணைக்கு வருகிறேன்.

ஷாஃபிஈ மத்ஹபில் ஜனாஸாச் செலவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இறந்தவரின் சொத்திலிருந்து, சாதாரணக் கடன்களுக்கும் வஸிய்யத்துக்கும் முன்பாக. சொத்தில்லை என்றால் அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். மனைவியின் செலவு கணவன்மீது. அவர்களுக்கும் இயலாதென்றால் பைத்துல்மால். அதுவும் இல்லையென்றால் வசதியுள்ள முஸ்லிம்கள். நம் உலமாக்கள் இதை என்னைவிட விளக்கமாகச் சொல்வார்கள். நான் கவனிப்பது, இந்த வரிசையில் எங்கேயும் இறந்தவர் கடைசியாக எப்போது சந்தா கட்டினார் என்ற படி இல்லை. ஊரின்மீது ஃபர்ளு கிஃபாயாவான ஒன்றை ஊர்ச் சங்கத்தின் ரசீதுப் புத்தகம் இறக்கிவிட முடியாது.

அதேநேரம் சங்கம் பைத்துல்மால் அல்ல, சந்தாதாரர்களின் பணம் என்கிற பொருளாளரின் வாதமும் சரிதான். ஆகவே நான் கூட்டத்தில் முன்வைக்கப் போகும் திருத்தம் இது. சந்தா கட்டியவருக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் உரிமையாகக் கொடுக்க வேண்டும், கடிதம்கூடக் கேட்கக் கூடாது. கட்டாதவருக்கும் வாடகைக்கு வந்தவருக்கும் ஸதகாவுக்கென்று ஒரு தனிக் கணக்கைத் திறந்து அதிலிருந்து கொடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை தருவதாக நமது பாடசாலை ஆசிரியர்கள் சிலரும் பஸாரில் இரண்டு கடைக்காரர்களும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கணக்காக இருந்தாலும் ஒரே கபன், ஒரே பலகை, ஒரே மையவாடி. வசதியிருந்தும் கட்டாதவர் என்றால் அதை வாரிசுகளோடு அடக்கத்துக்குப் பிறகு பேசலாம், சொத்திலிருந்து அறவிடவும் வழியிருக்கிறது. மையித்து வீட்டு வாசலில் பேச வேண்டாம். சந்தாவையும் கூட்டத்தான் வேண்டும், அதற்கு என் கை முதலில் உயரும்.

கருத்துப் பகுதியில் வாதம் செய்யுங்கள், ஆளைக் குறிப்பிட்டு எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அழித்துவிடுவேன்.

இன்னொன்று. பிரித்தானியாவில் 2019 ஜூலை முதல் இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை இறந்தால் அடக்கக் கட்டணத்துக்குப் பெற்றோரிடம் வருமானமும் கேட்பதில்லை, பங்களிப்பும் கேட்பதில்லை. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் இதே ஏற்பாடு உண்டு. கரோலின் ஹாரிஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இதற்காகப் போராடினார். 1989 இல் அவருடைய 8 வயது மகன் இறந்தபோது அடக்கச் செலவுக்குக் கையில் காசில்லாமல் நின்றவர் அவர். அங்கே பிள்ளைகள், உறவினர்கள் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருங்கள். பெரியவர்களுக்கான உதவியை அடக்கம் நடந்து 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குரிய படிவம் எஸ்எஃப் 200. ஸ்கொட்லாந்தில் 2019 செப்டெம்பர் முதல் வேறு கொடுப்பனவு, வேறு விண்ணப்பம். மையித்தை இங்கே கொண்டுவந்து அடக்கினால் அந்த உதவி கிடைப்பதில்லை, இதுபோன்ற வழக்கொன்று 2006 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இறந்தவரின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தால், அடக்கச் செலவுப் பற்றுச்சீட்டைக் காட்டி வங்கியிடமே அதைச் செலுத்தும்படி கேட்கலாம். பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள்.